தாய் மலைக்குப் போனாலும் தாய்ப்பால் நிற்க வேண்டியதில்லை

பிள்ளை பெற்ற தாய்க்குச் சட்டப்படி கிடைக்கிற பிரசவ லீவு 84 நாட்கள். பிரசவத்துக்கு முன் 14 நாள், பின் 70 நாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு முன்பு 42 நாட்கள்தான் கிடைத்தது. 2018ஆம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள்தான்.

ஆனால் பிள்ளைக்கு ஆறு மாதம், அதாவது 180 நாள் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், டாக்டர் தருகிற மருந்தைத் தவிர ஒரு கரண்டி தண்ணீர்கூட வேண்டாம் என்று சுகாதாரப் பகுதியினர் சொல்கிறார்கள். 70 நாளில் தாய் பிரட்டுக்குப் போக வேண்டும். பிள்ளைக்கோ 180 நாள் வரை பால் வேண்டும். இடையில் இருக்கிற 110 நாட்களை எப்படிச் சமாளிப்பது? இதைத்தான் இம்முறை நாம் பேசப் போகிறோம்.

"பால் பத்தலீங்க"

லயங்களில் நாம் அதிகமாகக் கேட்கிற பேச்சு இதுதான். "புள்ள அழுதுகிட்டே இருக்கு, பால் பத்தல, மா வாங்கணும்" என்பார்கள். பிள்ளை அழுவதற்குப் பசி மட்டும் காரணமல்ல. குளிர், ஈரத்துணி, வயிற்றுவலி, தூக்கம் எல்லாவற்றுக்கும் அதற்குத் தெரிந்த ஒரே பேச்சு அழுகைதான்.

பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். மற்றது, கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு மாதா மாதம் மேலே ஏற வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் பால் போதும். யார் என்ன சொன்னாலும் பயப்படத் தேவையில்லை.

பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். ஒரு வேளை மா கரைத்துக் கொடுத்தால் அந்த வேளை பிள்ளை மார்பை உறிஞ்சாது. உறிஞ்சாவிட்டால் அடுத்த நாள் பால் குறையும். குறைந்ததும் இன்னும் ஒரு வேளை மா. இப்படியே போய் ஒரு மாதத்தில் பால் வற்றிவிடும். "எனக்குப் பால் இல்லாம போச்சு" என்று தாய் தன்னையே நொந்துகொள்வாள். பால் இல்லாமல் போகவில்லை, உறிஞ்ச ஆள் இல்லாமல் போனது.

பிள்ளையின் வாய் நன்றாகத் திறந்து, காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும். நுனியை மட்டும் பிடித்தால் தாய்க்குப் புண் வரும், பிள்ளைக்குப் பாலும் வராது. மருத்துவ மாதுவிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் தருகிற நேரம்

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ஆம் ஆண்டு வந்தது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு, 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக் கூடாது. இது சாப்பாட்டு நேரத்தில் கழிக்கிற நேரமல்ல, அதற்கு மேலதிகமானது.

இந்த உரிமையைப் பல தாய்மார் கேட்பதில்லை. கொழுந்து கிலோ குறையும், அரைப்பேர் விழும் என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல என்பது நமக்கும் தெரியும். அதனால் தனியாக நின்று கேட்காதீர்கள். பால் கொடுக்கிற தாய்மார் எல்லோரும் சேர்ந்து, தோட்டத் தலைவரையும் மருத்துவ மாதுவையும் கூட வைத்துக்கொண்டு துரையிடம் பேசுங்கள். பிள்ளைக் காம்பராவுக்குக் கிட்ட உள்ள மலையில் வேலை தரும்படி கேளுங்கள். தூரத்து மலை என்றால் அரை மணித்தியாலமும் நடையிலேயே போய்விடும்.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, பத்து மணி போல் ஒரு தடவை, பகல் சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, வேலை விட்டு வந்ததும் ஒரு தடவை. பிறகு இரவு முழுவதும் பிள்ளை தாயோடுதான். இரவில் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். பால் நன்றாக ஊறுவதற்கு இரவில் கொடுப்பதுதான் பெரிய உதவி.

பாலைப் பீய்ச்சி வைக்கும் முறை

வர முடியாத வேளைக்குப் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கொதித்த தண்ணீரில் போட்டு எடுத்த மூடியுள்ள பாத்திரத்தை வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரலையும் மற்ற விரல்களையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலைத் தேய்க்க வேண்டாம்.

அந்தப் பாலைக் குளிர்ந்த இடத்தில் மூடி வைத்தால் 4 மணித்தியாலம் வைத்திருக்கலாம். அடுப்பில் வைத்துச் சுட வைக்கக் கூடாது. சுடுதண்ணீர் உள்ள பாத்திரத்துக்குள் சற்று நேரம் வைத்தால் போதும். கிண்ணத்தால் அல்லது கரண்டியால் கொடுக்க வேண்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

மலையில் நிற்கும்போது மார்பு கட்டிக்கொண்டு வலித்தால் கொஞ்சம் பீய்ச்சி விடுங்கள். அப்படியே விட்டால் பால் கட்டிக் காய்ச்சல் வரும்.

போத்தல் வேண்டாம்

சூப்பிப் போத்தலை ஒவ்வொரு தடவையும் கழுவி அவிக்க வேண்டும். பீலித் தண்ணீரும் விறகடுப்பும் உள்ள லயத்தில், வேலைக்குப் போகிற தாய்க்கு அது முடியுமா? அழுக்குப் போத்தலால் வருவது வயிற்றோட்டம். மா விலை கூடும்போது ஒரு பக்கெட்டைப் பத்து நாளைக்கு இழுக்கத் தண்ணீராகக் கரைக்கிறார்கள். வயிறு நிறையும், பிள்ளை மெலியும். பெரியவர்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற பால் மா, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உரியதே அல்ல. தாய்க்குக் கடும் வருத்தம் என்றால் டாக்டர் சொன்னபடி, அளவு குறைக்காமல், கிண்ணத்தால் கொடுங்கள்.

தேத்தண்ணி ஒரு சொட்டும் வேண்டாம். சாயம், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தாயும் சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காமல் ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிப்பது நல்லது.

ஆறு மாதம் முடிந்ததும்

அப்போது பாலோடு சாப்பாடும் வேண்டும். கஞ்சித் தண்ணி போதாது. கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடாத அளவுக்குச் சோற்றைக் குழைய மசியுங்கள். பிறகு பருப்பு, கீரை, பூசணி, முட்டை, இடித்த நெத்தலி என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். கொஞ்சம் தேங்காய்ப்பாலும் விடலாம். ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம். தாய்ப்பாலை இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம்.

அப்பாமாருக்கும் மாமியாருக்கும் ஒரு வார்த்தை. தாய்க்கென்று கிளினிக்கில் திரிபோஷா தந்தால் அது தாய்க்குத்தான். வீட்டில் எல்லோரும் பங்கு போட வேண்டாம். கடைசியாகச் சாப்பிடுகிறவள் தாயாக இருக்கக் கூடாது. விறகும் தண்ணீரும் மற்றவர்கள் கொண்டு வந்தால், அந்த நேரம் பிள்ளைக்குக் கிடைக்கும்.

பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து எழும்பாமல் கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ பொழுது விடியட்டும் என்று பார்த்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இந்த மாதக் கிளினிக்குக்கு வரும்போது கொப்பியை மறக்காமல் எடுத்து வாருங்கள். நிறைக் கோட்டைச் சேர்ந்து பார்ப்போம்.