இளநீர்: சிறுநீரக நோயாளர் அறிய வேண்டியது

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத் தோப்புகளில் தென்னை தருவன பல: கூரைக்கு ஓலை, துடைப்பத்துக்கு ஈர்க்கு, கயிற்றுக்கு மட்டை நார், சமையலுக்கு எண்ணெய், நோயுற்றோரைக் காணச் செல்கையில் கையில் இளநீர். அவ்வன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் சிலருக்கு அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

100 மில்லி இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. ஒரு காயில் 300 மில்லி நீர் இருப்பின், குறைந்தது 600 மில்லிகிராம். நலமான சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். செயல் குன்றிய சிறுநீரகத்தால் அது இயலாது. பொட்டாசியம் இரத்தத்திலேயே தங்கும். அளவு மிகும்போது தசை தளரும். இதயத்துடிப்பு ஒழுங்கு தவறும். முன்னறிகுறியின்றி இதயம் நின்றுவிடவும் கூடும்.

ஆகவே, டயாலிசிஸ் செய்துகொள்வோரும், நாட்பட்ட சிறுநீரக நோயாளரும், ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் இளநீர் அருந்தலாகாது. இளநீருக்காக மாத்திரையை நிறுத்துதலும் தவறு.

வயிற்றுப்போக்கின்போது இளநீர் ஓ.ஆர்.எஸ். கரைசலுக்கு ஈடாகாது, அதில் சோடியம் குறைவு.

சிறுநீரகம் நலமாக உள்ள, மேற்சொன்ன மாத்திரைகளை உட்கொள்ளாத பிறர் கோடையில் அளவோடு அருந்தலாம். நோயாளரைக் கவனித்துக்கொள்வோருக்கு ஒரு வேண்டுகோள்: காயைச் சீவுமுன், அண்மைய இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எவ்வளவு என்று மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். அருந்தக் கூடாதெனில், அன்புடன் வந்த இளநீரை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் நீங்களே அருந்துங்கள். உங்களுக்கும் தெம்பு வேண்டுமல்லவா?