தம்பியை மடியில் பிடிக்க முடியுமா?

காரின் பின்னிருக்கையில் எட்டுக் கிலோ எடையுள்ள குட்டித் தம்பியை மடியில் வைத்திருக்கிறீர்கள். “கெட்டியாகப் பிடித்திருக்கிறேன், அப்பா!” என்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

கார் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது வினாடிக்கு 15 மீட்டர். தம்பியும் அதே வேகத்தில்தான் போகிறான். கார் சுவரில் மோதி நின்றாலும் அவன் நிற்கமாட்டான். யாரும் அவனை முன்னே தள்ளுவதில்லை. தடுக்கும் விசை ஒன்று கிடைக்கும்வரை அதே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருப்பான். இதுதான் நிலைமம். நியூட்டன் 1687இல் வெளியிட்ட முதல் விதி சொல்வதும் இதைத்தான்.

இப்போது தடுக்கும் விசையை உங்கள் கைகள் தரவேண்டும். 0.1 வினாடியில் அவனை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம்.

8 × 15 ÷ 0.1 = 1,200 நியூட்டன்.

பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் பன்னிரண்டை ஒரே நேரத்தில் தூக்கிப் பிடிக்கும் விசை! இத்தனைக்கும் இது நெடுஞ்சாலை வேகம்கூட இல்லை. நீங்களும் இருக்கை வார் அணியாவிட்டால் இன்னும் ஆபத்து: பின்னாலிருந்து உங்கள் உடலே அவனை நசுக்கும்.

மலேசியாவில் பின்னிருக்கை வார் 2009 முதலும், குழந்தை இருக்கை 2020 முதலும் கட்டாயம். “பாட்டி வீடு பக்கத்தில்தானே” என்று அப்பா சொன்னால், இந்தக் கணக்கை அவரிடம் காட்டுங்கள்.