உஷார்! பழைய சிலிகான் மேலேயே புதுசை அடிக்க விடாதீங்க

பாத்ரூம் மூலையில் கறுத்துப்போன சிலிகானைப் பார்த்துவிட்டு, "மேலயே ஒரு கோட் அடிச்சு உட்டர்றனுங்க, பத்து நிமிஷ வேலை" என்று யாராவது சிலிகான் கன்னைத் தூக்கினால், உடனே தடுத்துவிடுங்கள்!

இறுகிய சிலிகான்மீது பெயின்ட், ஒயிட் சிமென்ட் எதுவும் பிடிக்காது. புது சிலிகானும் சரியாக ஒட்டாது. பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும். அடியில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கும். குளிக்கும் தண்ணி அதன் வழியே உள்ளே இறங்கும். மேலே மூடிக் கிடப்பதால் லேசில் காயாது. அடுக்குமாடியில் கீழ்வீட்டு சீலிங் ஊறிப் பெயின்ட் உரியும்போதுதான் விஷயம் தெரியவரும். அந்த ஈரத்தில் ஒயர் பைப் இருந்தால் ஷாக் அபாயமும் உண்டு.

கோவையில் இன்னொரு தொல்லை உப்புத் தண்ணி. குடிக்க சிறுவாணித் தண்ணி வந்தாலும், குளிக்கவும் கழுவவும் பல வீடுகளில் போர் தண்ணிதான். டைல்ஸ் ஓரத்தில் அது விட்டுப்போகும் வெள்ளைப் படிவத்தின் மீதும் சிலிகான் நிற்காது.

பழசை எடுக்கிற அவசரத்தில்தான் பெரிய ஆபத்து! ஆசிட் ஊற்றினால் சிலிகான் கரையாது. டைல்ஸ் இடுக்குச் சிமென்டைத்தான் அரிக்கும். பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே உலை வைக்கும். இரண்டையும் ஒரே நாளில் கையில் எடுக்காதீர்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், எண்ணெய்ப்பசை தங்கினால் புதுசு பிடிக்காது.

சரியான வழி இது. டைல்ஸ் பக்கம் ஒரு கீறல், பேசின் பக்கம் ஒரு கீறல் என்று பிளேடால் நீளமாக அறுத்து, ஒரு முனையைப் பிடித்து இழுங்கள். நாடா மாதிரி உரிந்து வரும். மிச்சத்தைச் சுரண்டுங்கள். விரலால் தேய்க்கும்போது ரப்பர் மாதிரி இழுத்தால் படலம் இன்னும் இருக்கிறது. உப்பையும் பூஞ்சையையும் நீக்கிக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கடைசியில் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். அசிட்டோன் குப்பென்று தீப்பிடிக்கும். சமையல் மேடை என்றால் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்த பிறகே தொடுங்கள். பிளாஸ்டிக் மேல் படக்கூடாது.

புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் மார்பிளை அரிக்கும். கல்லுக்கு நியூட்ரல் ரகம் கேட்டு வாங்குங்கள். அடித்த பின் 24 மணி நேரமாவது தண்ணி படக்கூடாது. கனமாக அடித்திருந்தால் இன்னும் கூடுதலாக விடவேண்டும்.

ஆள் வைத்துச் செய்வதாக இருந்தால், பழசைச் சுரண்டும் கூலியையும் முதலிலேயே சேர்த்துப் பேசிவிடுங்கள். சுரண்டிய இடத்தை விரல் வைத்துப் பார்த்த பிறகே, "அடிங்கண்ணா" என்று சொல்லுங்கள்!