பஞ்சுபோல் அமுங்கும் பிரேக்

மோட்டார் வண்டியின் பிரேக்கை வீட்டிலேயே பழுது பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு வருவார்கள். “புதிய உறுப்புக்களெல்லாம் பொருத்தியாயிற்று, ஆனால் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பதுபோல் அமுங்குகிறது” என்பார்கள். பழைய உறுப்புக்கள் இருந்தபோது உறுதியாக நின்ற பெடல் இப்பொழுது தளர்வானேன்? இதற்கு விடை உங்கள் பௌதிகப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. பெடலின்மேல் கால் 20 கிலோகிராம் எடையளவு அழுத்துவதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் விழுவது 100 கிலோகிராம். அப்பிஸ்டனின் பரப்பு இரண்டரைச் சதுர சென்டிமீட்டர் என்றால், குழாயெங்கும் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோகிராம் அழுத்தம் உண்டாகின்றது. முன்சக்கரத்தின் காலிப்பரில் உள்ள பிஸ்டனின் பரப்பு 20 சதுர சென்டிமீட்டரானால் அங்கே 800 கிலோகிராம் விசை கிடைக்கும்.

விசை பெருகினால் நகரும் தூரம் குறையும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அது தள்ளுகிற திரவம் ஏழரைக் கன சென்டிமீட்டர்தான். நான்கு சக்கரங்களுக்கும் அதுவே முதல். இந்நிலையில் குழாயில் மூன்று கன சென்டிமீட்டர் காற்று தங்கிவிட்டதாக எண்ணுங்கள். திரவம் அழுத்தத்தில் சுருங்குவதில்லை என்றே சொல்லிவிடலாம். காற்றோ, பாயில் விதிப்படி, அந்த அழுத்தத்தில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காக ஒடுங்கும். காலின் உழைப்பில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றை நசுக்குவதிலேயே கழிந்துவிடுகிறது. பெடல் தரையை முட்டுவதில் வியப்பென்ன?

பெடல் தாழ்வதெல்லாம் காற்றினால் அன்று. பெடலை அடுத்தடுத்துச் சில முறை மிதித்துப் பாருங்கள். அது மேலேறி வந்து கெட்டியாக நின்றால் குழாயில் குற்றமில்லை. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே வெளி மிகுதியாக இருக்கிறது, அதைத் திருத்தினால் போதும். மேலேறியும் விறைப்பின்றி வில்போல் அசைந்தால் காற்று. ஒரே அழுத்தமாகக் காலை வைத்திருக்கையில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிவு. வெளியே ஈரம் காணாவிடின், மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயிருக்கும் ரப்பர் கிண்ணத்தின்மேல் ஐயம் கொள்ள வேண்டும்.

என்னை ஓர் இளைஞர் கலந்துகொண்ட விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. தம் வண்டியின் இரு முன் காலிப்பர்களையும் மாற்றியவர் அவர். இரண்டு நாட்களாகக் காற்றை எடுத்தார். பிரேக் ஆயில் புட்டி புட்டியாகச் செலவாயிற்று. பெடல் மட்டும் தேறவில்லை. நான் கேட்டது ஒன்றே: “காற்றை வெளிவிடும் திருகு மேற்புறம் இருக்கிறதா, கீழ்ப்புறமா?” கீழ்ப்புறம் என்றார். இடப்பக்கத்துக் காலிப்பர் வலப்பக்கத்திலும் வலப்பக்கத்தது இடப்பக்கத்திலும் ஏறியிருந்தன! சில வண்டிகளில் அவை மாற்றிப் போட்டாலும் பொருந்திவிடும். காற்று திரவத்தின் உச்சியில் நிற்கும். கீழேயுள்ள திருகைத் திறந்தால் திரவம்தான் வெளியேறும். இடம் மாற்றியபின் சிறிது நேரத்தில் காற்று முழுவதும் வந்துவிட்டது.

காற்றெடுப்பதற்கு இருவர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்திருக்க, மற்றவர் திருகைத் திறந்து மூட வேண்டும். மூடும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கலாகாது. எடுத்தால் போன காற்று திரும்பி வரும். ஆயில் தொட்டியும் வற்றலாகாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்புள்ள வண்டிகள் சிலவற்றில், அவ்வமைப்பினுள் சிக்கிய காற்றைத் தொழிற்கூடத்துக் கருவியின்றி எடுக்க இயலாது.

டிஸ்க் பிரேக்குக்குப் புதிய பேட் போடுகிறவர்கள் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியே போடுகிறார்கள். அதனால் முதல் மிதிக்குப் பெடல் ஒன்றையும் பற்றாமல் அடிவரை செல்லும். வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க மறந்தவர்கள், வீட்டு வாயிலைத் தாண்டுமுன்னரே சுவரில் மோதியதுண்டு. அதன்பிறகும் ஆளில்லாத இடத்தில், நடை வேகத்தில், கைப்பிரேக்கின்மேல் கை வைத்தே சோதிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் என்று பெயரிருந்தாலும் அது எண்ணெயன்று. பெரும்பாலான வண்டிகளில் கிளைக்கால் வகைத் திரவம். எஞ்சின் எண்ணெயை அதற்குப் பதிலாக ஊற்றினால் ரப்பர் உறுப்புக்கள் ஊதிக் கெடும். அது ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்கவேண்டுமென்பது நியதி. ஈரமேறியபின் அவ்வரம்பு 140 பாகைதான். மலைச் சரிவில் பிரேக் சூடேறி அது கொதித்தால், எழும் ஆவியும் காற்றைப்போலவே அமுங்கும். ஆகவே காற்றெடுக்கையில் வடிந்த திரவத்தை வடிகட்டியும் மீண்டும் தொட்டியில் ஊற்றலாகாது.