கல்லான நத்தைகளின் குலமுறை

திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே அரியலூர், காரை, கருடமங்கலம் முதலிய ஊர்ப்புறங்களில் நடப்போர், கடல்நத்தைகளின் ஓடுகள் கல்லாகிக் கிடத்தலைக் காண்பர். ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகட்கு முன் தொடங்கிப் பன்னெடுங்காலம் அந்நிலம் கடலின்கீழ்க் கிடந்தமையே இதற்குக் காரணமாம். மொரேவியாவிற் பிறந்த ஸ்டோலிஸ்கா என்னும் அறிஞர் இந்தியப் பூதத்துவ ஆராய்ச்சி இலாகாவிற் பணிபுரிந்து, இந்நத்தைகளை இனம் வகுத்து 1867-68-இல் பெருநூலொன்று வெளியிட்டனர்.

நந்தினை ஈரறிவுயிருள் வைத்தார் தொல்காப்பியர். அவர் கண்டது உயிருள்ள நந்து. கல்லிலோ உடலும் இல்லை. உணவை அராவும் நாவும் இல்லை. பெரும்பாலும் ஓடு ஒன்றே எஞ்சியுளது. அதனைக்கொண்டு உறவு துணிவது எங்ஙனம்?

வடிவம் ஒத்தன யாவும் ஓரினம் எனக் கோடல் எளிது. ஆயின் அது பிழைபடும். ஆறு என்னும் எண்ணுப்பெயரும் ஆறு என்னும் நதிப்பெயரும் இன்று ஒலியால் ஒன்றே. நதிப்பெயர் பண்டு 'யாறு' என வழங்கியதை அறிந்தார்க்கே அவை வேறுவேறு சொல்லாதல் புலனாம். நத்தைகளிடத்தும் இஃதொக்கும். அலைமோதும் பாறைகளிற் பற்றி வாழ்வனவற்றுள் கவிழ்த்த தொப்பி போன்ற ஓடுடையன பல. அவற்றுள் பட்டெல்லா செவுளால் உயிர்ப்பது. சைபனேரியாவோ காற்றையும் உட்கொள்வது, நிலத்து நத்தைக்கு நெருங்கிய உறவினது. அலையைத் தாங்கவேண்டிய ஒரே தேவை, வெவ்வேறு குடிப்பிறந்தவற்றிற்கு ஒரே வடிவைத் தந்தது.

ஆகலின் நூலோர் ஓட்டின் நுனியை உற்று நோக்குவர். நத்தை தன் ஓட்டை வாய்ப்புறத்தே வளர்த்துச் செல்லும். இளமைப்பருவத்து ஓடு சொல்லின் பழைய வடிவம்போல நுனியில் நிற்கும். சிலவற்றில் அவ்விளவோடு ஒரு திசையாகவும், பின் வளர்ந்த ஓடு எதிர்த்திசையாகவும் சுருளும். இவ்வடையாளத்தால், புறத்தோற்றத்திற் பிறவற்றை ஒத்த சில குடும்பங்கள் ஹெட்டெரோபிராங்கியா என்னும் வேறொரு பெருங்கிளையைச் சார்ந்தன எனத் துணியப்பட்டது. செவுளின் நிலைகொண்டு 1848-இல் மில்ன் எட்வர்ட்ஸ் வகுத்த முற்செவுளிப் பெருவகுப்பும், ஒரு குடியின் முழுமரபு அன்று என்பது தெளிந்தபின் கைவிடப்பட்டது.

யாம் ஒருகால் பெயர்த்தெடுத்த ஓடொன்று, மண்ணகற்றும் ஆர்வத்தால் யாமே சுரண்டியபோது நுனி முறிந்து, இன்றும் இனமறியாது எம் மேசைமேற் கிடக்கின்றது. ஆதலின் நண்பர்காள்! அந்நிலத்திற்குச் செல்லின் நுனியைக் காமின். எப்படுகையிற் கண்டீர் என்பதனையும் உடனே குறித்துவைம்மின்.