காவலூரின் பெரிய கண்

மே மாத நடுவில் ஓர் இரவு, ஒன்பது மணி சுமாருக்கு, மொட்டை மாடியில் நின்று நாமக்கல் பக்கமாகத் தெற்கே நோக்குங்கள். கையை நீட்டி இரண்டு முஷ்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்தால் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில் நான்கு விண்மீன்கள் சிலுவை வடிவாய் நிற்கும். அதுவே தென்சிலுவை. லண்டன் மாநகரத்தாருக்கு அது ஒருநாளும் தெரியாது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்வதால் நமக்கு அந்தப் பாக்கியம்!

இவ்வாறு வட வானத்தோடு தென் வானத்தையும் ஆராயத்தக்க இடம் தேடியவர் வானியல் அறிஞர் வைணு பாப்பு. அவர் தேர்ந்த இடம், நமக்கு வடக்கே ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூர். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடன் அங்கே பணி தொடங்கிற்று. 1972-இல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பாப்புவுக்கோ அதனினும் பெரியதை நம் நாட்டிலேயே செய்யவேண்டும் என்று ஆசை.

பெரிதாயிருந்தால் என்ன லாபம்? மழையில் டம்ளர் வைத்தால் டம்ளர் நீர்தான். அண்டா வைத்தால் அண்டா நீர். ஒளியும் அப்படியே. இருளில் நம் கண்ணின் பாவை விரிந்தாலும் சுமார் 7 மில்லிமீட்டர்தான். காவலூர்க் கண்ணாடியின் விட்டமோ 2.34 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள் (விட்டத்தின் வர்க்கத்தை எடுக்க மறவாதீர்கள்). ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வரும்.

கொதிக்கும் காப்பியை ஊற்றினால் கண்ணாடி டம்ளர் விரிசல் விடுவதைக் கண்டிருக்கிறோம். சூட்டில் கண்ணாடி விரிவதே காரணம். தொலைநோக்கிக் கண்ணாடி அப்படி விரிந்து சுருங்கினால் விண்மீனின் உருவம் கலைந்துபோகும். ஆகவே சூட்டுக்கும் குளிருக்கும் ஏறக்குறைய அசையாத தனிவகைக் கண்ணாடி ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்டது. பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அதைத் தேய்த்து மெருகேற்றினர். இத்தகைய கண்ணாடியில் தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மேடு இருந்தாலே குற்றம். எத்தனை பொறுமை வேண்டும்! தையல் வகுப்பில் ஒரு விளிம்பை மூன்று முறை பிரித்துத் தைத்ததற்கே நாங்கள் சலித்துக்கொண்டோம்.

தொலைநோக்கி எழுந்து நிற்பதைக் காண பாப்பு இருக்கவில்லை. 1982-இல், 55-ஆம் வயதில் காலமானார். 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்துவைத்தார். தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது.

இதனினும் பெரியவை பின்னர் எழுந்தன. தென் அரைக்கோளத்தில் சிலி நாட்டு மலைமீது 8.4 மீட்டர் கண்ணாடியுடன் ரூபின் ஆய்வகம் 2025-இல் தன் முதற் படங்களை வெளியிட்டது. நமக்கு அடிவானத்தை ஒட்டியே தோன்றும் மகெல்லன் மேகங்கள் அங்கே உயர நிற்கின்றன.

மே மாதத்தில் மாடிக்குப் போகும்போது, தெருவிளக்கு கண்ணில் படாத மூலையாகப் பார்த்து நில்லுங்கள்.