அமீரக வேலையிழப்புக் காப்பீடு: கையெழுத்திடும் முன் அறிய வேண்டிய சொற்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரியும் நம் சகோதரர்கள் பலர் வேலையிழப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்டி வருகிறார்கள். 2023 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. சேராதவருக்கு 400 திர்ஹம் அபராதம். ஆனால் வேலை போன பிறகு பணம் கிடைக்குமா என்பதைச் சட்டத்தின் சில சொற்களே தீர்மானிக்கின்றன. அவற்றை இங்கே விளக்குகிறோம்.

பணியாளர்: தனியார் துறையிலும் மத்திய அரசுத் துறையிலும் வேலை செய்பவர். வீட்டுப் பணியாளர்கள், தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவர்கள், 18 வயது நிறையாதவர்கள், சொந்தத் தொழில் நடத்தும் முதலீட்டாளர்கள் இதில் வரமாட்டார்கள்.

அடிப்படைச் சம்பளம்: கைக்கு வரும் மொத்தத் தொகை அல்ல, வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை சேராதது. இது 16,000 திர்ஹம் வரை இருந்தால் மாதச் சந்தா 5 திர்ஹம். அதற்கு மேல் 10 திர்ஹம்.

இழப்பீடு: கடைசி 6 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் 60 சதவீதம். மொத்தம் 3,000 திர்ஹம் வாங்குபவரின் அடிப்படைச் சம்பளம் 1,800 என்றால், மாதம் 1,080 திர்ஹம்தான் கிடைக்கும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 3 மாதங்கள். இடையில் வேறு வேலை கிடைத்தால் நின்றுவிடும்.

தொடர் சந்தா: குறைந்தது 12 மாதங்கள் இடைவெளியின்றிச் சந்தா கட்டியிருக்க வேண்டும். 3 மாதத்துக்கு மேல் பாக்கி வைத்தால் காப்பீடு ரத்தாகும். 200 திர்ஹம் அபராதமும் உண்டு.

விருப்பமின்றி வேலை இழத்தல்: நிறுவனம் நம்மை நீக்குவது. ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும், தாமாக ராஜினாமா செய்தவருக்கும் இழப்பீடு இல்லை.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். ஆட்குறைப்பின்போது, "ராஜினாமா எழுதிக் கொடுங்கள், கணக்கைச் சீக்கிரம் முடித்துத் தருகிறோம்" என்று கேட்டால், அந்த ஒரு கையெழுத்தில் மூன்று மாத உரிமை போய்விடும். காரணத்தைக் குறிப்பிட்ட பணிநீக்கக் கடிதத்தையே கேட்டு வாங்குங்கள். புரியாத தாளில் கையெழுத்திடாதீர்கள்.

விண்ணப்பக் காலம்: வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாட்கள். விண்ணப்பிக்கும்போது அந்நாட்டில் சட்டப்படி தங்கியிருக்கவும் வேண்டும். எனவே அவசரப்பட்டு விசாவை ரத்து செய்து ஊர் திரும்பிவிட வேண்டாம்.

அதேபோல், தாமாக விலகிவிட்டு நீக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டுவது மோசடி. அந்தப் பணம் நமக்கு ஹலால் ஆகாது.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, காப்பீட்டுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் ஊரில் உள்ள குடும்பத்தாரிடமும் இருக்கட்டும்.